குமரி சொல்லாத மன்னிப்பு

பொம்மி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. சித்தப்பா வைத்தது. மாலை ஐந்து மணியானால் உலகமே இடிந்து விழுந்தாலும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடும் அண்ணன் மகளைப் பார்த்து, "என்னடி பொம்மி, இன்னைக்கு உன் பொம்மைங்க யாரை யாரு அடிச்சுதுங்க?" என்று ஒருநாள் கேட்டார். வீடே சிரித்தது. சிரிப்பு அடங்கிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு அப்போது பதினோரு வயது. அவள் பார்த்தது ஜப்பானிலிருந்து வந்த ஒரு கார்ட்டூன் தொடர். தமிழில் 'கலங்கரைக் குமரி' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஒரு தீவில் கலங்கரை விளக்கம். அதைக் காக்கும் ஒரு முரட்டு அப்பா. அவருக்கு ஒரே மகள். அந்த மகள் கடலை வரைபவள். எங்கே பாறை, எங்கே சுழல், எந்தக் காற்றில் எந்தப் பக்கம் அலை திரும்பும் என்றெல்லாம் பார்த்துப் பார்த்து வரைபடம் போடுவாள். என்றாவது ஒரு கப்பலில் ஏறி, யாரும் வரையாத கடலை வரைய வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பாவுக்கோ மகள் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு வீட்டோடு கிடந்தால் போதும்.

பொம்மி குமரியின் மேல் வைத்திருந்த பிரியத்தை அன்பு என்று சொல்வதா, வெறி என்று சொல்வதா தெரியவில்லை. அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார். மருந்துக் கம்பெனிக்காரர்கள் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடும் வழவழ விளம்பரத் தாள்களின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதெல்லாம் பொம்மியின் சொத்து. ஒருபக்கம் வயிற்றுப்புண் மாத்திரை, மறுபக்கம் குமரி. காற்றில் பறக்கும் முடி, முகத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும் கண். "இந்தப் பொண்ணுக்குக் கண்ணைத் தவிர வேற ஒண்ணுமே கிடையாதா? மூக்கை எங்க வச்சுட்டு வந்தா?" என்று அதற்கும் சித்தப்பாவிடம் ஒரு வார்த்தை தயாராக இருந்தது.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்கள் சில கிடந்தன. யாரோ ஊரைக் காலி செய்தபோது போட்டுவிட்டுப் போனவை. வாங்க ஆளில்லாததால் கடைக்காரர் அவள் கேட்ட விலைக்கே தள்ளிவிட்டார். அவளுக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது. படத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துக்கொண்டாள். அவை வலமிருந்து இடமாகப் போகும் என்பதை அவளாகவே கண்டுபிடித்தாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவளுடைய அண்ணன், "எங்க பொம்மி புத்தகத்தைப் பின்னாலேருந்து படிக்கிறா. பரீட்சையையும் பின்னாலேருந்துதான் எழுதறா போல, அதான் மார்க்கும் பின்னாலேருந்தே வருது" என்று சொல்வான்.

மார்க் குறைந்தது உண்மைதான். கணக்கில் தோற்றே போனாள். அப்பா மதிப்பெண் அட்டையில் பேசாமல் கையெழுத்துப் போட்டார். அவர் கத்தியிருந்தால் தேவலை.

அந்த வாரம்தான் அது நடந்தது. அப்பா மத்தியானம் வீட்டுக்கு வந்து கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டு, டீ குடித்துவிட்டுக் கடைக்குத் திரும்பும் நேரம். டம்ளரோடு கூடத்தில் நின்றிருந்தார். தொலைக்காட்சியில் புயல். கலங்கரை விளக்கத்துக்குள் குமரியின் அப்பா அவளுடைய வரைபடங்களை ஒவ்வொன்றாக அடுப்பில் திணிக்கிறார். குமரி எழுந்து நிற்கிறாள். கண்களில் தீ தெரிகிறது. வாயைத் திறக்கிறாள்.

"அப்பா, என்னை மன்னிச்சிடுங்க. நீங்க சொல்றதுதான் சரி. இனிமே நான் வரையவே மாட்டேன்."

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். "கேட்டியாம்மா?" என்றார், மெதுவாக. "உன் குமரிக்கே புத்தி வந்திருச்சு. உனக்கு எப்ப வரப் போகுது?"

அப்பா அடித்திருந்தால் பொம்மி தாங்கியிருப்பாள். திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பாள். ஆனால் சொன்னது குமரி. இந்த உலகத்திலேயே அவள் நம்பிய ஒரே ஆள். மறுநாள் காலையில் பொம்மி தானாகவே படக்கதைப் புத்தகங்களையும் மருந்துத் தாள் ஓவியங்களையும் கட்டித் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்ப் பழைய பேப்பர்காரரின் தராசில் வைத்தாள். அப்பா கூடவே வந்து அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார். "என் தங்கம்" என்றார்.

அன்று மாலை ஐந்து மணிக்கு ஏதோ வினாடி வினா ஓடியது. தொடர் நின்றுபோயிருந்தது. பொம்மிக்கு அதில் ஆச்சரியம் இல்லை. குமரி வரைவதை விட்டுவிட்டாள். அப்புறம் சொல்ல என்ன கதை இருக்கிறது?

அதற்குப் பிறகு அவள் பென்சிலைத் தொட்டது கணக்குப் போடத்தான். நன்றாகவே படித்தாள். அப்பா ஆசைப்பட்டபடி மருந்தாளுநர் படிப்பில் சேர்ந்தாள். விடுதியில் அறைத்தோழியாக வாய்த்தவளை எல்லோரும் 'கண்ணாடி' என்று கூப்பிட்டார்கள். அவ்வளவு தடித்த கண்ணாடி. அவளுடைய மடிக்கணினி முழுக்க ஜப்பானியத் தொடர்கள். பொம்மி அந்தப் பக்கமே திரும்பாமல் இருந்தாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த முகப்பு இசை காதில் விழும்வரை.

"இது… குமரியா?"

"உனக்குத் தெரியுமா? பழசுடி இது. செம கதை. வா, உக்காரு."

குரல் ஜப்பானிய மொழியில் வந்தது. கீழே ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது. ஒரு பாகம் முடிந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று பார்த்து, புயல் வந்தது, அடுப்பு வந்தது. பொம்மி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த மன்னிப்பை மறுபடி கேட்க அவளுக்குத் தெம்பில்லை. குரல் கேட்டது. கெஞ்சுகிற குரலாக அது இல்லை. நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க எரிச்சது காகிதத்தைத்தான் அப்பா. கடல் அங்கேயேதான் இருக்கு. நான் போறேன்" என்பதுதான் கீழே ஓடிய எழுத்தின் பொருள்.

குமரி கதவைத் திறந்துகொண்டு புயலுக்குள் போனாள். அதற்கு மேலும் முப்பதுக்கு மேற்பட்ட பாகங்கள் இருந்தன. கப்பல் இருந்தது, புதுக் கடல்கள் இருந்தன, கடைசியில் அந்த அப்பாவே மகளின் வரைபடத்தை வைத்துக்கொண்டு அவளைத் தேடி வருவதும் இருந்தது.

பொம்மி அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். கண்ணாடி பயந்துபோய், "என்னடி ஆச்சு? ஏன் இதையே ஓட்டிக்கிட்டிருக்க?" என்றாள்.

"மாத்தியிருக்காங்க" என்றாள் பொம்மி. "யாரோ ஒருத்தன் உக்காந்து மாத்தியிருக்கான். அதை நம்பி நான் எல்லாத்தையும் எடைக்குப் போட்டேன்."

வீட்டுக்குப் போன் செய்தாள். அண்ணன்தான் எடுத்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஒரு பொம்மைப் படத்துக்கா இவ்வளவு? போய் படி" என்று வைத்துவிட்டான்.

அவளுக்கு வந்த கோபம் ஒருநாளில் தணிகிற கோபம் இல்லை. இந்த ஆங்கில எழுத்தை மட்டும் எதை வைத்து நம்புவது? ஒரு தடவை மொழிபெயர்ப்பை நம்பி ஏமாந்தவள் அவள். குமரி என்ன சொன்னாள் என்பதைத் தன் காதாலேயே கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்தாள். மருந்தாளுநர் பட்டத்தை வாங்கி அப்பா கையில் கொடுத்தாள். "இது உங்களுக்கு" என்றாள். மொழித் தேர்வுச் சான்றிதழைத் தான் வைத்துக்கொண்டாள்.

டப்பிங் ஸ்டூடியோவில் வசனம் எழுதும் வேலை கிடைத்தது. அது லேசான வேலை இல்லை. பொருள் சரியாக இருந்தால் மட்டும் போதாது; திரையில் உதடு ஒட்டும்போது தமிழிலும் உதடு ஒட்டவேண்டும். ப, ம வருகிற சொல்லைத் தேடித் தேடிக் கோக்க வேண்டும். பொம்மிக்கு அது பிடித்திருந்தது. ஒவ்வொரு வரியையும் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்துத்தான் எழுதுவாள்.

ஸ்டூடியோவின் டைரக்டர் பழம் தின்று கொட்டை போட்டவர். இனிமையாகப் பேசுவார், புதிதாக வந்தவர்களை 'வாம்மா', 'போம்மா' என்றுதான் கூப்பிடுவார். குரல் கொடுப்பவர்களில் மூத்தவர் குயிலக்கா. ஐம்பதை நெருங்கியும் ஆறு வயதுப் பையனாகவும் பதினாறு வயதுப் பெண்ணாகவும் பேசக்கூடியவர்.

ஒருநாள் டைரக்டர் டீ நேரத்தில் வந்து அறிவித்தார்: 'கலங்கரைக் குமரி' மறுபடி வருகிறது. ஜப்பான் கம்பெனி படத்தைப் புதுப்பித்திருக்கிறது. தமிழ்க் குரலும் புதிதாக வேண்டுமாம். பொம்மியின் கையில் பிஸ்கட் உடைந்தது.

"பழசையும் நாமதான் பண்ணினோம்" என்றார் டைரக்டர், பெருமையாக. "குயில்தான் குமரி. அந்த அடுப்பு சீன் ஞாபகம் இருக்கா குயிலு? அந்தப் பொண்ணு அப்பனை எதிர்த்துப் பேசிட்டு வீட்டை விட்டே கெளம்பிடும். நம்ம புள்ளைங்க பாத்துட்டு அதே மாதிரி கெளம்பினா யாரு பதில் சொல்றது? நான்தான் வரியை மாத்தினேன். அதோட கதையையும் முடிச்சுட்டோம். சேனல்காரங்க கையெடுத்துக் கும்பிட்டாங்க. எத்தனை அப்பாக்கள் போன் பண்ணி நன்றி சொன்னாங்க தெரியுமா?"

இத்தனை வருஷம் மனசுக்குள் முகமில்லாமல் நடமாடிய அந்த 'ஒருத்தன்', எதிரே உட்கார்ந்து டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

"சார், அந்த வரியைக் கேட்டு வரையறதை விட்ட பொண்ணு ஒருத்தி இருக்கா" என்றாள்.

"பாத்தியா? நான் சொல்லலை? நல்லா படிச்சு முன்னுக்கு வந்திருப்பா."

"நான்தான் சார் அது."

டைரக்டர் ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்தார். "அதான் முன்னுக்கு வந்துட்டியே. எனக்குத்தான் நீ நன்றி சொல்லணும்."

இதைவிட அவர் அவள் கன்னத்தில் அறைந்திருக்கலாம். "ஒரு குழந்தையோட கையைப் புடிச்சு நிறுத்தறதுக்கு உங்களுக்கு யாரு சார் உரிமை கொடுத்தா?" என்றாள் பொம்மி. "அவ கேக்காத மன்னிப்பை அவ வாயில திணிச்சிருக்கீங்க. நாங்க அதை நெசம்னு நம்பினோம்."

"பொம்மைப் படம்மா அது. குரலை உயர்த்தாத" என்றார் அவர். இனிமை போயிருந்தது.

அவர் எழுந்து போனபின் குயிலக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அன்னைக்கு அந்த வரி உதட்டுல ஒட்டவே இல்லம்மா. அந்தப் பொண்ணு மூஞ்சியில கோவம். என் குரலோ மன்னிப்பு கேக்குது. சார், இது சேரலையேன்னு சொன்னேன். கூலிக்கு வந்தவ கேள்வி கேக்கக் கூடாதுன்னுட்டார். எனக்கும் வயித்துப்பாடு."

புதுப்பதிப்புக்கு வசனம் எழுதும் பொறுப்பு பொம்மியிடம்தான் வந்தது; அந்த மொழி தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். அடுப்புக் காட்சிக்கு உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். ஒலிப்பதிவின்போது டைரக்டர் அதை அடித்துவிட்டு மன்னிப்பையே மறுபடி பேச வைத்தார். அதோடு விட்டாரா? தமிழில் பேசியதை ஜப்பானிய மொழியில் திருப்பி எழுதிக் கம்பெனிக்கு அனுப்பவேண்டும். அவர்கள் அதைப் படித்துத்தான் ஒப்புதல் தருவார்கள். டைரக்டர் பொம்மியைக் கூப்பிட்டு, "அந்த இடத்துல மட்டும் ஒரிஜினல்ல என்ன இருக்கோ அதையே எழுதி அனுப்பிடு. அவங்களுக்குத் தமிழா தெரியப் போகுது?" என்றார்.

கேட்டுக்கொண்டு வந்தவள் தன் இடத்தில் உட்கார்ந்தாள். வேலை போய்விடும் என்று தெரியும். வாடகை வீடு, புதுசாக வாங்கிய கட்டில், எல்லாம் கண்முன் வந்தன. ஆனாலும் விரல் பொய்யைத் தட்ட மறுத்தது. தமிழில் என்ன பேசப்பட்டதோ அதை அப்படியே, மன்னிப்பு உட்பட, ஜப்பானிய மொழியில் எழுதி அனுப்பினாள்.

கம்பெனியிலிருந்து இரண்டே வரியில் பதில் வந்தது. இது எங்கள் கதை இல்லை; திருத்தாவிட்டால் ஒப்பந்தம் இல்லை.

திருத்தினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குயிலக்கா காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் டைரக்டர் கடுகடுவென்று உட்கார்ந்திருந்தார். பொம்மி சுவரோரமாக நின்றாள். திரையில் குமரி வாயைத் திறந்தாள். "நீங்க எரிச்சது காகிதத்தைத்தான் அப்பா…" முதல் தடவையிலேயே உதடும் சொல்லும் பொருந்திப் போயின. சவுண்ட் இன்ஜினியர் தன்னை மறந்து தொடையில் தட்டினார்.

"உன் வேலை முடிஞ்சிருச்சு" என்றார் டைரக்டர், திரும்பிப் பார்க்காமல். "நாளையிலேருந்து வரவேண்டாம்."

அவள் அப்பா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்ததுமே நின்றுவிட்டாள். கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் வீரனின் படம். அதன் கீழே அண்ணன் மகன் அதே ஐந்து மணிக்கு அதே மாதிரி சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அலமாரியில் படக்கதைப் புத்தகங்கள் வரிசையாக.

"எல்லாம் தாத்தா வாங்கிக் கொடுத்தது" என்றாள் அண்ணி.

"பையன் சூப்பரா வரையறான்" என்றான் அண்ணன். "டிராயிங் கிளாஸ்ல சேத்திருக்கோம். ஜப்பான் போய்ப் படிக்கணுமாம்."

பொம்மி நடந்ததையெல்லாம் சொன்னாள். வரியை மாற்றியவரைக் கண்டதை, வேலை போனதை. அப்பா கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ காலம் வேறம்மா" என்றார் கடைசியில்.

"காலம் வேற இல்லப்பா. புள்ள வேற" என்றாள் பொம்மி. "இவன் ஆம்பளைப் புள்ள. இவன் வரைஞ்சா திறமை. நான் வரைஞ்சா கிறுக்கு."

அப்பாவின் கை வேட்டி நுனியைத் திருகியது. "நீ கணக்குல தோத்ததும் பயந்துட்டேன்" என்றார். "பொம்பளைப் புள்ள, படிப்பும் இல்லேன்னா என்ன ஆகுமோன்னு. அந்த நேரம் பாத்து அது அப்படிச் சொல்லுச்சு. நானும் நெசம்னுதான் நெனச்சேன்."

அது உண்மைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அப்பாவும் ஏமாந்தவர்தான். ஆனால் புரிந்துகொள்வதும் மன்னிப்பதும் ஒன்றல்ல. காபியைக் குடிக்காமலே எழுந்து வந்துவிட்டாள்.

தொடரின் முதல் பகுதி வெளியானது. காகிதமும் கடலும் வருகிற அந்த வரியைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். சட்டையில் அச்சடித்துப் போட்டார்கள். கல்லூரிச் சுவர்களில் எழுதினார்கள். கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலில் 'தமிழ் வசனம்' என்பதற்கு நேரே டைரக்டர் பெயர் இருந்தது. பொம்மி வீட்டிலேயே மொழி வகுப்பு எடுத்துக் காலத்தை ஓட்டினாள்.

பிறகு டைரக்டரின் பேட்டி ஒன்று இணையத்தில் வந்தது. பேட்டி எடுத்த இளைஞன் பக்தியோடு அந்த வரியைப் பற்றிக் கேட்டான். டைரக்டர் கண்ணை மூடித் திறந்தார். "அந்த வரிக்காக நான் ரொம்பப் போராட வேண்டியிருந்ததுப்பா. மாத்தச் சொல்லி எவ்வளவோ நெருக்கடி. குழந்தைங்ககிட்ட பொய் சொல்லக் கூடாதுன்னு உறுதியா நின்னேன்."

பொம்மி அடுப்பில் பால் வைத்திருந்தாள். அது பொங்கி வழிந்து அடுப்பு அணைந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. திருடுவதிலும் ஒரு தர்மம் உண்டு என்பார்கள். வரியைக் கொன்றவனே அந்த வரிக்குத் தகப்பன் என்று மாலை வாங்கிக்கொள்கிறான்.

ரசிகர் குழுக்களில் அவள் எப்போதும் புனைபெயரில்தான் எழுதுவாள். அன்று பேட்டிக்குக் கீழே தன் முழுப்பெயரைப் போட்டு எழுதினாள். பழைய வரி என்ன, அதை எழுதியது யார், புதிய வரி எப்படி வந்தது, யார் வேலை போனது என்று ஒரு வசைச் சொல்லும் இல்லாமல் எழுதினாள்.

முதலில் வந்தவை கல்லடிதான். பொறாமைக்காரி, விளம்பரப் பைத்தியம், பெரியவரை அவமதிக்கிறவள். மறுநாள் குயிலக்கா தன் குரலில் ஒரு பதிவு போட்டார்: "அன்னைக்கு மன்னிப்பு கேட்ட குமரியும் நான்தான். இன்னைக்கு கேக்காத குமரியும் நான்தான். ரெண்டு வரியையும் யார் யார் எழுதினாங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பொண்ணு சொல்றது சத்தியம்."

அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒரு பல் மருத்துவர், ஒரு பஸ் கண்டக்டர், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். நானும் அன்றைக்கு என் படங்களைக் கிழித்தேன் என்றார் ஒருவர். எங்கள் வீட்டில் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள் என்றார் இன்னொருவர். பொம்மி படிக்கப் படிக்க அழவில்லை. அவள் கோபம்தான் பெருத்தது. தன் ஒருத்திக்குத்தான் நடந்தது என்று நினைத்திருந்தாளே.

டப்பிங் சங்கத்திலிருந்து கூப்பிட்டார்கள். செயலாளர் சமாதானம் பேசினார். "வயசான மனுஷன். ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிச்சுட்டா முடிஞ்சு போகும்."

"யாரு, அவரா?" என்றாள் பொம்மி.

"நீதான்மா."

"அப்ப முடியாம கிடக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

டைரக்டர் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை. பேட்டி மட்டும் சத்தமில்லாமல் காணாமல் போனது. ஜப்பான் கம்பெனி மீதிப் பாகங்களை வேறொரு சின்ன ஸ்டூடியோவுக்குக் கொடுத்தது. வசனம் எழுதப் பொம்மியைக் கேட்டார்கள். பெயர் போடவேண்டும், எழுதியதைக் கேட்காமல் மாற்றக்கூடாது, குமரிக்குக் குயிலக்காவே பேசவேண்டும் என்றாள். ஒப்புக்கொண்டார்கள்.

அங்கே அவள் எழுதிய முதல் பாகம் வெளியானபோது விடுதித் தோழி கண்ணாடி எங்கிருந்தோ போன் செய்து, "பேர் வருதுடி, பாரு, பாரு" என்று கூவினாள். பார்த்தாள். பெயர் வந்தது, ஒரு எழுத்துப் பிழையோடு. பொம்மி அந்தக் கணமே ஸ்டூடியோவுக்கு எழுதினாள். சின்ன விஷயம்தானே மேடம் என்று பதில் வந்தது. சின்ன விஷயம் இல்லை என்று மறுபடி எழுதினாள். அடுத்த வாரம் சரியாக வந்தது.